சேர்த்த புள்ளியைப் பாதியாக்க யார் உரிமை தந்தது?

‘அடுத்த மாதம் முதல் உங்கள் கிரெடிட் கார்டு சலுகைகள் மாறுகின்றன’ என்று வங்கிகள் குறுஞ்செய்தி அனுப்புவது வாடிக்கையாகிவிட்டது. என்ன மாறுகிறது என்பதை அதிலேயே சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? இணைப்பைத் தட்டி, பொடி எழுத்து நிபந்தனைகளைக் கடந்து போனால்தான் கை வைத்த இடம் தெரிகிறது.

ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டை எடுத்துக்கொள்வோம். மாதம் ஒரு லட்சம் ரூபாய் செலவழித்தால் 25,000 கூடுதல் புள்ளிகள் என்பதுதான் அதன் கவர்ச்சி. 2023 செப்டம்பர் 1 முதல் அது நின்றது. ஆண்டுக் கட்டணமோ 10,000 ரூபாயிலிருந்து 12,500 ஆனது. இதையாவது வணிக முடிவு என்று விடலாம். ஐந்து புள்ளிக்கு நான்கு விமான மைல் என்றிருந்த விகிதத்தை ஐந்துக்கு இரண்டு என்று குறைத்ததை எப்படி விடுவது? ஏற்கெனவே கணக்கில் இருந்த புள்ளிகளும் அதில் அடிபட்டன. 80,000 மைல் பெறும் என்று ஒரு லட்சம் புள்ளி சேர்த்தவர், வங்கி தந்த கெடுவுக்குள் மைலாக மாற்றத் தவறியிருந்தால் அவருக்கு 40,000தான். வாடிக்கையாளர் செலவழித்துச் சம்பாதித்ததை வங்கி தன் பேனாவால் பாதியாக்கியது.

ஐசிஐசிஐ வங்கியின் பல கார்டுகளுக்கு விமான நிலைய லவுஞ்சில் நுழைய, முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் செலவழித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2024 ஏப்ரலில் வந்தது. நவம்பரில் அது 75,000. எஸ்பிஐ கார்டு, எலைட் அட்டைக்கு இலவசமாகத் தந்த ஒரு கோடி ரூபாய் விமான விபத்துக் காப்பீட்டை 2025 ஜூலை 15 அன்று நிறுத்தியது. அகமதாபாத் விமான விபத்து நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கரூர் வைசியா வங்கியோடு சேர்ந்து வழங்கிய எலைட் அட்டைக்கும் ஆகஸ்டில் அதே கதி.

சலுகையைச் சிலர் தவறாகப் பயன்படுத்தினார்கள், வாடகை என்ற பெயரில் பணத்தைச் சுற்றவிட்டார்கள் என்பது வங்கிகள் தரப்பு. உண்மைதான். அவர்களைப் பிடியுங்கள், ஒழுங்காகத் தவணை கட்டுகிறவர் ஏன் தண்டம் கட்ட வேண்டும்? அவர் கெடு தேதியைத் தவறவிட்டால் தாமதக் கட்டணம், அதற்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி, மேலே வட்டி என்று எதையாவது நீங்கள் விட்டுவிடுகிறீர்களா?

ரிசர்வ் வங்கியும் கண்டனத்துக்கு உரியதே. கட்டணத்தை மாற்றினால் ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டும், பிடிக்காதவர் கூடுதல் செலவின்றி அட்டையைத் திருப்பித் தரலாம் என்று 2022இல் அது விதித்தது நல்லது. ஆனால் சலுகைக் குறைப்பைக் கட்டணமாக அந்த விதி வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆண்டுக் கட்டணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டு, அந்த ஆண்டின் நடுவில் பலனைக் குறைப்பது கட்டண உயர்வு அல்லாமல் வேறென்ன?

விதியை உடனே திருத்த வேண்டும். கட்டணம் செலுத்திய ஆண்டு முடியும்வரை சலுகைகளைத் தொடக்கூடாது. சேர்ந்துவிட்ட புள்ளிகள் சேர்ந்த நாளின் மதிப்பிலேயே செல்ல வேண்டும். விலக விரும்புவோருக்கு மீதி மாதங்களின் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். எது, எவ்வளவு குறைகிறது என்பதைக் குறுஞ்செய்தியிலேயே, வாடிக்கையாளரின் மொழியில் சொல்ல வேண்டும். அடுத்த மாற்ற அறிவிப்பைத் தயாரித்துக்கொண்டிருக்கும் வங்கிகள், ரிசர்வ் வங்கி விழிக்கும்வரை காத்திராமல் அதை நிறுத்திவைக்கட்டும்.