எங்கள் பர்தாவுக்கு விலை வைப்பது யார்?

க.பொ.த. உயர்தரம், கலைப் பிரிவு

சென்ற வருடம் எங்களுக்கு மேல் வகுப்பில் இருந்த அக்காமாருக்கு நாங்கள் பிரியாவிடை விழா எடுத்தோம். அன்று ஒரு நாள் மட்டும் சீருடை அணிய வேண்டியதில்லை என்று அனுமதி கிடைத்திருந்தது. "எல்லோரும் ஒரே மாதிரி உடுத்தால் படத்தில் வடிவாக இருக்கும்" என்று ஒருத்தி சொன்னாள். என்ன நிறம், என்ன மாதிரி என்று வட்ஸ்அப் குழுவில் மூன்று நாட்கள் வாதம் நடந்தது. கடைசியில் நான் அனுப்பிய படத்துக்கே அதிக வாக்குகள் விழுந்தன. மணல் நிறத்தில் ஓர் அபாயா, அதே நிறத்தில் வழுக்கும் துணியில் முக்காடு. வெளிநாட்டு ஆடம்பர நிறுவனம் ஒன்றின் ரமழான் விளம்பரத்தில் வந்த படம் அது.

எங்கள் வகுப்பில் 32 பேர். விழாவுக்கு வந்தவர்கள் 31 பேர். வராத ஒருத்தியிடமிருந்து, "எனக்குக் காய்ச்சல்" என்று காலையில் செய்தி வந்தது. நாங்களும் "அல்லாஹ் சுகப்படுத்துவானாக" என்று பதில் எழுதிவிட்டுப் படம் எடுக்கப் போய்விட்டோம்.

அவளுக்குக் காய்ச்சல் இருக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தப் படத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

அது இன்னும் என் கைத்தொலைபேசியில் இருக்கிறது. பாலைவன மணல்மேடு, மாலை வெயில். மெலிந்து உயர்ந்த ஒரு பெண் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கையில் சிறிய பை. மூலையில் நிறுவனத்தின் பெயர். விலை எங்கும் இல்லை. ரமழான் விளம்பரம் என்றாலும் அவள் ஸஹருக்கு எழும்பியவள் போலத் தெரியவில்லை. கஞ்சி காய்ச்சிக் களைத்தவள் போலவும் இல்லை. எங்கள் வீட்டு ரமழானில் அஸருக்குப் பிறகு உம்மாவின் முக்காட்டில் வெங்காய வாசம்தான் வீசும். அந்தப் படத்தில் ரமழான் என்பது ஒரு நிறம் மட்டுமே.

இத்தகைய படங்களின் வரலாறு நீண்டதல்ல. அமெரிக்காவின் டி.கே.என்.வை. நிறுவனம் வளைகுடா நாடுகளை நோக்கி ரமழான் உடைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது 2014இல். 2016 ஜனவரியில் இத்தாலியின் டோல்சே அண்ட் கபானா நிறுவனம் அபாயாவும் ஹிஜாபும் கொண்ட தொகுப்பை அறிமுகப்படுத்தியது. கறுப்பு லேஸ், எலுமிச்சம்பழமும் டெய்சிப் பூவும் அச்சிட்ட துணிகள், கூடவே பெரிய கறுப்புக் கண்ணாடியும் கைப்பையும். 2017 மார்ச்சில் வோக் அரேபியா சஞ்சிகையின் முதல் அச்சிதழ் வந்தபோது, அட்டையில் மணிகள் பதித்த முகத்திரையோடு நின்றவர் ஜீஜி ஹடீட். அவர் தம் அன்றாட வாழ்வில் ஹிஜாப் அணிபவரல்லர். அப்போதே பல முஸ்லிம் பெண்கள், "ஏன் எங்களில் ஒருத்தி கிடைக்கவில்லையா?" என்று கேட்டார்கள்.

இதில் மகிழ்ச்சியே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். 2018 மே மாத பிரிட்டிஷ் வோக் அட்டையில் ஒன்பது மொடல்கள் நின்றார்கள். அவர்களில் ஒருவர் ஹலீமா ஏடன். அந்தச் சஞ்சிகையின் அட்டையில் ஹிஜாபோடு இடம்பெற்ற முதற் பெண் அவர். எனக்கு அப்போது பத்து வயது. மச்சி அந்தப் படத்தைக் காட்டியபோது, எங்கள் வீட்டில் ஒருவருக்குப் பரிசு கிடைத்ததுபோல் இருந்தது. தொலைக்காட்சியில் தலை மூடிய பெண் வந்தாலே பாவப்பட்டவளாகவோ பயப்பட வேண்டியவளாகவோ காட்டப்படுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த மகிழ்ச்சி புரியும்.

ஆனால் அந்த ஹலீமாவின் கதை அட்டைப் படத்தோடு முடியவில்லை. அவர் கென்யாவின் ககூமா அகதி முகாமில் பிறந்த சோமாலியப் பெண். ஏழு வயதில் அமெரிக்கா போனார். 2016இல் மினசோட்டா மாநில அழகிப் போட்டியில் ஹிஜாபும் உடல் மறைக்கும் நீச்சல் உடையும் அணிந்து பங்குபற்றி உலகச் செய்தியானார். அதன்பின் பெரிய மொடலிங் நிறுவனம் ஒன்று அவரை ஒப்பந்தம் செய்தது. ஹிஜாபைக் கழற்றச் சொல்லக் கூடாது என்பது அவர் ஒப்பந்தத்தில் இருந்தது. எல்லாம் பாதுகாப்பாக எழுதப்பட்டதுதான்.

ஒப்பந்தப்படி யாரும் ஹிஜாபைக் கழற்றச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஹிஜாப் மெல்ல மெல்ல வேறொன்றாக மாறியது. கழுத்து தெரிந்தது, காது தெரிந்தது, பிறகு துணிக்குப் பதில் வேறு வேறு பொருட்கள் தலையில் ஏறின. ஒரு விளம்பரத்தில் ஜீன்ஸ் காற்சட்டையையே தலையில் சுற்றி நிறுத்தினார்கள். 2020 நவம்பரில், கொரோனாவால் வீட்டில் இருந்த காலத்தில், அவர் தம் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தம் இன்ஸ்டகிராம் பக்கத்தில் போட்டு, "இதில் இருப்பது நானல்ல" என்ற பொருள்பட விளக்கம் எழுதினார். தொழுகை தவறிய நாட்களைச் சொன்னார். இந்தத் தொழிலை விடச் சொல்லித் தம் தாய் நெடுநாளாகக் கேட்டு வந்ததையும் சொன்னார். மற்றவர்களைவிடத் தம்மையே அதிகம் குறை கூறினார். உலகமே பார்த்துக்கொண்டிருந்த அந்த இடத்திலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

எனக்கு இதில் பயமூட்டுவது அந்த "மெல்ல மெல்ல" தான். யாராவது வந்து "உன் பர்தாவைக் கழற்று" என்றால் நாங்கள் 32 பேரும் எழும்பி நிற்போம். "இன்னும் கொஞ்சம் வடிவாகக் கட்டு" என்றால் யாரும் எதிர்க்க மாட்டோம். அந்த வடிவு எது என்று தீர்மானிப்பது யார் என்பதைக் கேட்கவும் மாட்டோம்.

அந்தத் தீர்மானம் மதிப்பினால் பிறந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். பிரான்ஸில் 2004இல் வந்த சட்டப்படி அரச பாடசாலைகளில் மாணவியர் முக்காடு அணிய முடியாது. 2023இல் புதிய பாடசாலை ஆண்டு தொடங்கும்போது அபாயாவும் தடை செய்யப்பட்டது. அதே நாட்டின் ஆடம்பர நிறுவனங்கள் ரமழான் வந்தால் வளைகுடாவின் செல்வந்தப் பெண்களுக்காகத் தனித் தொகுப்புகளைக் கொண்டுவருகின்றன. நிறுவனமும் அரசும் வேறு வேறு என்று சொல்லலாம், உண்மைதான். என்றாலும் எனக்கு ஒன்று மட்டும் விளங்குகிறது. ஒரு நீண்ட உடை கடைக்குள் வந்தால் அது வாடிக்கையாளரின் உடை. அதையே அணிந்து என் வயதுப் பிள்ளை ஒருத்தி புத்தகப் பையோடு பாடசாலை வாசலுக்கு வந்தால் அது ஒரு பிரச்சினை. அப்படியானால் அந்த விளம்பரங்களில் வரவேற்கப்படுவது எங்கள் ஹயாவா, எங்கள் பணப்பையா?

படத்தில் இருக்கும் பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஓகஸ்ட் மாத அமெரிக்க வோக் சஞ்சிகையில் கெஸ் நிறுவனத்தின் விளம்பரம் ஒன்று வந்தது. அதில் இருந்த பொன்னிறக் கூந்தல் பெண் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டவள். பக்கத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அது குறிப்பிடப்பட்டிருந்தது. உடம்பைத் திருத்திய விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று பிரான்ஸ் 2017இலும் நோர்வே 2022இலும் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. அரசாங்கங்களே சட்டம் போட வேண்டிய அளவுக்கு அந்தப் படங்கள் பிள்ளைகளின் மனதைக் குழப்பியிருக்கின்றன. கண்ணாடி முன் நின்று நாங்கள் எங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் அந்தப் பெண், பிறக்கவே இல்லாத ஒருத்தியாகவும் இருக்கலாம்.

பிறந்து வாழ்கிற பெண்கள் வேறோர் இடத்தில் இருக்கிறார்கள். தையல் மெஷினுக்கு முன்னால். 2024 ஜூன் மாதம் இத்தாலியின் மிலான் நகர நீதிமன்றம், டியோர் நிறுவனத்தின் உற்பத்திப் பிரிவு ஒன்றை நீதிமன்றக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்கப்படும் ஒரு கைப்பையைத் தைத்துச் சேர்ப்பதற்கு ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கப்பட்டது 53 யூரோ என்று விசாரணை ஆவணங்கள் கூறின. தோல் முதலிய மூலப்பொருட்களின் செலவு அந்த 53இல் சேராது. அதைச் சேர்த்தாலும் அந்த இடைவெளி எவ்வளவு பெரியது! அந்தப் பட்டறைகளில் தொழிலாளர்கள் வேலை செய்யும் இடத்திலேயே படுத்து உறங்கினார்கள். வேகமாக வேலை நடப்பதற்காக இயந்திரங்களின் பாதுகாப்புக் கருவிகளும் கழற்றப்பட்டிருந்தன. தைத்த உடைகளே பிரதான ஏற்றுமதியாக உள்ள எங்கள் நாட்டில், எத்தனையோ வீடுகளில் உம்மாவோ ராத்தாவோ மெஷின் மிதித்துத்தான் அடுப்பு எரிகிறது. மிலான் எங்களுக்குத் தூரமான ஊர் அல்ல.

இப்போது என் தோழியின் கதைக்கு வருகிறேன்.

விழா முடிந்து இரண்டு நாளில், அவளைச் சுகம் விசாரிக்க வீட்டுக்குப் போனேன். அவளுடைய உம்மா தையல் தைப்பவர். எங்கள் வகுப்பில் நான்கு பேருடைய மணல் நிற அபாயாக்களைத் தைத்தவர் அவர்தான். அதில் ஒன்று என்னுடையது. இரண்டு முறை அளவு கொடுக்கப் போயிருக்கிறேன். அவளுடையதும் அங்கேதான் தைபடும் என்று நினைத்தேன், கேட்கவில்லை. துணி, முக்காடு, ஊசி எல்லாமாக ஒருவருக்கு 7,000 ரூபாவுக்கு மேல் முடிந்தது. ஒன்று தைக்க நாங்கள் கொடுத்த கூலி 1,500 ரூபா. நான்கு அபாயாவின் கூலியில் அவளுக்கு ஒன்று தைத்திருக்கலாம்தானே என்று கணக்குப் பார்ப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த மாதம் அந்தக் காசு அவளுடைய தம்பியின் மருந்துக்குப் போயிருந்தது.

மெஷினுக்குப் பக்கத்தில் மணல் நிற வெட்டுத் துண்டுகள் ஒரு பையில் கிடந்தன. அவளுடைய உம்மா பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "உங்கட உடுப்பு நல்லா அமைஞ்சுதா மகள்?" என்று கேட்டார். என்னால் "ஓம்" என்று மட்டுமே சொல்ல முடிந்தது. தோழி, "படங்களைக் காட்டேன்" என்றாள். நான் கைத்தொலைபேசியில் பற்றரி இல்லை என்றேன். அவள் சொன்னது ஒரு பொய், நான் சொன்னது ஒரு பொய். இரண்டுக்கும் காரணம் நான் அனுப்பிய ஒரே படம்தான்.

அந்த விளம்பரத்தைச் செய்தவர்களுக்கு எங்கள் ஊரின் பெயர்கூடத் தெரியாது. அவர்கள் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தியது நாங்கள், குறிப்பாக நான். அதனால்தான் மேற்கத்தேய நிறுவனங்களைத் திட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இஸ்லாம் பாடத்தில் இஸ்ராஃப் என்றால் என்ன என்று மனனம் செய்து புள்ளிகளும் எடுக்கிறோம். பெருநாளுக்குக் கல் பதித்த அபாயா இல்லையென்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம். வாப்பா கட்டாரிலோ சவூதியிலோ வெயிலில் நின்று அனுப்பும் காசு, ஒரு நாள் படத்துக்காகப் போகிறது.

"வடிவாக உடுப்பது குற்றமா?" என்று சிலர் கேட்பார்கள். குற்றமே இல்லை. சுத்தமாகவும் அழகாகவும் இருக்கச் சொல்லித்தான் எங்கள் மார்க்கம் கற்றுத் தந்திருக்கிறது. எனக்கும் மணல் நிறம் இன்றுவரை பிடிக்கும். நான் சொல்வது இவ்வளவுதான்: மறைப்பதற்காக வந்த ஆடை, எங்கள் வீட்டு வருமானத்தை ஊருக்குக் காட்டும் ஆடையாக மாறினால், அது தன் வேலையைச் செய்யவில்லை.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். கலியாண வீட்டுக்குப் போய் வந்தவுடன் "யார் என்ன உடுத்திருந்தார்கள்?" என்று நீங்கள் பேசுவதைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்கிறோம். சஞ்சிகைகள் எங்களுக்குச் சொல்லித் தருவதற்கு முன்பே அந்தப் பாடம் வீட்டில் தொடங்கிவிடுகிறது. பிள்ளை ஒரு படத்தைக் காட்டி "இது வேணும்" என்றால், திட்டவும் வேண்டாம், கடன்பட்டு வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். பக்கத்தில் இருத்தி, வீட்டுக் கணக்கைச் சொல்லுங்கள். பதினேழு வயதில் எங்களுக்கு அது விளங்கும்.

எங்கள் வெள்ளைச் சீருடையை நாங்கள் அலுத்துக்கொள்கிறோம். அரசாங்கம் இலவசமாகத் தரும் துணி, அதற்கு மேல் ஒரு வெள்ளைப் பர்தா. பதின்மூன்று வருடங்கள் அதைத்தான் அணிந்தோம். அந்த வருடங்களில் யாருடைய வாப்பா ஓட்டோ ஓட்டுகிறார், யாருடைய வாப்பாவுக்குக் கடை இருக்கிறது என்று எங்கள் உடுப்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை. நான் படம் அனுப்பிய அந்த ஒரு நாளில்தான் அது தெரிந்துபோனது.

இந்த வருடம் பிரியாவிடை எங்களுக்கு. விழா எடுக்கப்போகும் தங்கைகளே, தயவு செய்து குழுவில் படம் எதுவும் அனுப்ப வேண்டாம். வெள்ளைச் சீருடையிலேயே வாருங்கள். நாங்களும் அப்படியே வருகிறோம், 32 பேரும்.