அரசு அச்சடித்த மார்க்கச் சட்டம்

இலங்கையில் ஒரு பெண்ணுக்குச் சட்டப்படி திருமணம் நடக்க அவளுக்குக் குறைந்தது 18 வயது ஆகியிருக்க வேண்டும், அவள் முஸ்லிமாக இல்லாவிட்டால். முஸ்லிமாக இருந்தால் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் அவளைப் பிடித்துக்கொள்ளும். அதில் குறைந்தபட்ச வயது என்று ஒன்று கிடையாது. 12 வயதுக்குக் குறைந்த சிறுமியின் நிக்காஹைப் பதிய, முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியான காதியின் அனுமதி தேவை என்கிறது 23ஆம் பிரிவு. அவ்வளவுதான் பாதுகாப்பு. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோதும் இதற்கேற்றபடியே வாசல் திறந்துவைத்தார்கள். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்ணுடன் உறவுகொள்வது, அவள் சம்மதித்தாலும், பாலியல் வல்லுறவு. ஆனால் அவள் 12 வயதைத் தாண்டிய மனைவியாக, நீதிமன்றம் பிரித்துவைக்காதவளாக இருந்தால் அது குற்றமில்லை.

இதைப் பேச வாயெடுத்தால் உடனே வரும் பதில், “இது அல்லாஹ்வின் சட்டம், கைவைக்காதீர்கள்” என்பது. நம்பிக்கையாளரின் உணர்வை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் கைவைக்கப்படாத சட்டமா இது? ஒல்லாந்தர் பத்தாவியாவிலிருந்து கொண்டுவந்த தொகுப்பின் வழியில் 1806இல் ஆங்கிலேயர் எழுதிவைத்த முகமதியர் சட்டக்கோவை இதன் பாட்டன். 1929இன் கட்டளைச் சட்டம் இதன் தகப்பன். காதியை நியமிப்பது பள்ளிவாசல் அல்ல, நீதிச்சேவை ஆணைக்குழு. காதியின் தீர்ப்பில் குறை கண்டவர் காதிகள் சபைக்கும், அங்கிருந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் போகலாம். அரசு எழுதி, அரசு அச்சடித்து, அரசு ஆள் நியமித்து நடத்துகிற சட்டத்தில் கேள்வி வரும்போது மட்டும் அரசு ஒதுங்கிக்கொண்டு மார்க்கத்தைக் கைகாட்டுகிறது.

இந்தச் சட்டத்தில் எவ்வளவு மார்க்கம், எவ்வளவு ஊர் வழக்கம் என்று பார்க்க விரும்புகிறவர் ‘கைக்கூலி’ பற்றிய பிரிவைப் படிக்கலாம். மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியது மஹர். அது குர்ஆன் சொல்வது. பெண்வீட்டார் மாப்பிள்ளை கையில் கொடுப்பது கைக்கூலி. அது குர்ஆனில் இல்லை, நம் ஊர்களில் இருக்கிறது. மணமகளின் பயனுக்காக மணமகனிடம் கொடுக்கப்படும், அல்லது கொடுப்பதாக வாக்களிக்கப்படும் பணமும் அசையும் பொருளும் என்று சட்டம் அதற்கு இலக்கணமே வகுத்திருக்கிறது. மனைவி அதைக் காதியிடம் வழக்காடித் திரும்பப் பெறலாம் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் வீடும் வளவும் இதற்குள் வரா. கிழக்கு மாகாணத்தில் பெண்ணைப் பெற்றவர் ஆயுள் முழுக்க உழைத்துக் கட்டுவது அந்த வீட்டைத்தான். சீதனத்துக்குச் சட்டப் புத்தகத்தில் இடம் கொடுத்தபோது மார்க்கத்துக்கு ஆபத்து என்று யாரும் கூச்சலிட்டதாகத் தெரியவில்லை.

மணப்பெண்ணின் கையொப்பத்துக்கு வருவோம். திருமணப் பதிவுக்கு மணமகன், பெண்ணின் பொறுப்பாளரான வலிகாரர், நிக்காஹை நடத்தியவர் ஆகியோரின் கூற்றுகளை 1951ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கிறது. மணப்பெண்ணிடம் கேட்கவில்லை. ஷாஃபி மத்ஹபில் (சட்டப்பள்ளியில்) வலிகாரர் இல்லாமல் நிக்காஹ் இல்லை, ஹனபி மத்ஹபில் வயதுவந்த பெண் தானே சம்மதித்து மணம் முடிக்கலாம். இரண்டும் இஸ்லாம்தான். இதில் எதை எந்த அளவுக்குச் சட்டமாக்குவது என்று முடிவெடுப்பது மனிதர்கள்தாம். அந்தச் சட்டத்தை நடத்தும் காதி பதவியிலும் பெண்களுக்கு இடமில்லை. காதியாக நியமிக்கப்படுகிறவர் “ஆண் முஸ்லிமாக” இருக்க வேண்டும் என்று 12ஆம் பிரிவு எழுத்தில் சொல்கிறது.

காதி முன்னிலையில் கணவன் தலாக் சொல்லக் காரணம் காட்டத் தேவையில்லை. மனைவி பஸஹ் என்னும் மணமுறிவைக் கோரினால் காரணம் சொல்ல வேண்டும், சாட்சி கொண்டுவர வேண்டும். அவளுக்காகப் பேசச் சட்டத்தரணி வர முடியாது. கணவன் தரப்புக்கும் அதே தடைதான் என்பார்கள். ஆனால் மாமனும் மச்சானும் பள்ளிவாசல் நிர்வாகிகளும் நிறைந்த அறையில் இந்தச் சமத்துவம் யாருக்கு உதவும் என்று சொல்லத் தேவையில்லை. பல ஊர்களில் காதி நீதிமன்றத்துக்குச் சொந்தக் கட்டடமும் கிடையாது. காதியின் வீட்டு விறாந்தையே நீதிமன்றம்.

இதற்காகக் காதி நீதிமன்றமே வேண்டாம் என்று முடிவுகட்டுவது அவசரம். காத்தான்குடியிலோ புத்தளத்திலோ இருக்கிற ஏழைப் பெண்ணுக்குத் தாபரிப்புக் கேட்டுப் போகச் செலவில்லாத இடம் அது. அவள் மொழியில் பேசுகிற இடம். சட்டத்தரணிக்குக் காசு கட்டி நீதவான் நீதிமன்றத்துக்குத் தவணை தவணையாக அலைவது அவளுக்கு இயலாத காரியம். முப்பது வருடங்களுக்கும் மேலாக இந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசிவரும் முஸ்லிம் பெண்களிலும் பலர் கேட்பது திருத்தத்தைத்தான், ஒழிப்பை அல்ல.

திருத்தத்தைத் தடுத்து நிற்கும் பெரிய மதில் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது 12ஆம் உறுப்புரை. 1978க்கு முன்பிருந்த எழுதிய, எழுதாத சட்டங்கள் எல்லாம் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது 16(1). ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது இதுதான். பாதிக்கப்பட்ட பெண் உயர் நீதிமன்றம் போனாலும் இந்தச் சட்டத்தைச் சமத்துவத்தின் உரைகல்லில் உரசிப் பார்க்க நீதியரசர்களுக்கு வழியில்லை.

முஸ்லிம் நாடுகள் பல விவாகச் சட்டத்தில் எப்போதோ நகர்ந்துவிட்டன. துனீசியா 1956இலேயே பலதார மணத்தைத் தடைசெய்தது. மொறோக்கோ 2004இல் பெண்ணின் திருமண வயதை 18 ஆக்கியது, வயதுவந்த பெண் தன் திருமணத்தைத் தானே முடிக்கவும் வழிவிட்டது. இந்தோனேசியாவின் மார்க்க நீதிமன்றங்களில் பெண் நீதிபதிகள் பல பத்தாண்டுகளாக இருக்கிறார்கள்; அங்கு 2019இல் திருமண வயது இருபாலாருக்கும் 19 ஆனது. இவர்களெல்லாம் மார்க்கத்தைக் கைவிட்டவர்களா?

இங்கே இந்தச் சட்டத்தைத் திருத்த 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைத்தார்கள். அறிக்கை கைக்கு வந்தது 2018இல். அதுவும் இரண்டாகப் பிளந்த அறிக்கை. 2021இல் அமைச்சரவை சில மாற்றங்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆனால் சட்டம் உடனே மாறவில்லை.

இதற்கிடையில் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு தெற்கில் திடீரென்று முஸ்லிம் பெண்கள்மீது கரிசனம் பொங்கியது. அந்தக் கரிசனத்தின் முகம் யாருடையது? 2021 ஒக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ ஜனாதிபதிச் செயலணிக்குத் தலைவராக்கப்பட்டவர் பொதுபல சேனா அமைப்பின் ஞானசார தேரர். 2014இல் அளுத்கமையில் அவர் பேசிய பேச்சையும் அதற்குப் பின் எரிந்த கடைகளையும் முஸ்லிம்கள் மறக்கவில்லை. நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைக்குப் போய் ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தவர் சட்டச் சீர்திருத்தம் பேசியதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தச் செயலணியால் நேர்ந்த பெரிய கேடு, திருத்தம் கேட்ட முஸ்லிம் பெண்கள் தங்கள் ஊரிலேயே எதிரியின் ஆட்களாகப் பார்க்கப்பட்டதுதான்.

தமிழர்களும் இதில் வேடிக்கை பார்ப்பவர்கள் அல்லர். 1707இல் யாழ்ப்பாணத்துத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. அதன் நிழலில் வந்த 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, அந்த வழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவள் வைத்தியராக, நீதிபதியாக இருந்தாலும் விதிவிலக்கில்லை. இது மதச் சட்டமல்ல, வழமைச் சட்டம். ஆனால் 16(1)இன் மதிலுக்குள் இதுவும் பத்திரமாக இருக்கிறது. காதியைக் கண்டிக்கும் தமிழர் தம் வீட்டு உறுதியையும் ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்.

நிக்காஹ், மஹர், காதி எல்லாவற்றையும் அரசு அங்கீகரிக்கலாம். அதில் இவ்விதழுக்கு மறுப்பில்லை. அங்கீகாரம் என்பது விலக்குரிமை ஆகிவிடக் கூடாது. வயது எல்லோருக்கும் 18, மணமகளின் சம்மதமும் கையொப்பமும் கட்டாயம், காதி பதவியில் பெண்களுக்கும் இடம், பொது விவாகச் சட்டத்தின்கீழ் மணமுடிக்க விரும்பும் முஸ்லிம்களுக்குத் தடையில்லாத வழி: இவற்றில் எதுவும் ஒருவரின் தொழுகையையோ நோன்பையோ தொடுவதில்லை. 16(1) போகாமல் இவை எதுவும் நிலைக்கப்போவதில்லை. அடுத்த முறை சட்டமூலம் சபைக்கு வரும்போது முஸ்லிம் உறுப்பினர்கள் உலமாக்களின் கடிதத்தைப் படிப்பதற்கு முன், தங்கள் தொகுதியின் காதி நீதிமன்றத்தில் பிள்ளையோடு காத்திருக்கும் பெண்களிடம் ஒரு மணிநேரம் பேசிவிட்டு வரட்டும்.