சொல்லை மாற்றினால் விதி மாறுமா?

2024-ஆம் ஆண்டு வெளிவந்த ‘டஞ்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ விளையாட்டின் புதிய விதிநூலில் ஒரு பழைய சொல் இல்லை. ‘ரேஸ்’ என்ற அந்த ஆங்கிலச் சொல், பல பதிப்புகளாக ஆட்டத்தின் அடிப்படைச் சொல்லாக இருந்துவந்தது. அதன் இடத்தில் இப்போது உயிரினப் பிரிவைக் குறிக்கும் ‘ஸ்பீஷீஸ்’ என்ற சொல் அமர்ந்திருக்கிறது. இம்மாற்றத்தை அதன் பதிப்பாளரான ‘விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ நிறுவனம் 2022 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. அப்போது எழுந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. காலத்துக்கேற்ற திருத்தம் என்கிறது ஒரு தரப்பு. கற்பனை உலகத்தின் மீது திணிக்கப்பட்ட அரசியல் என்கிறது மறுதரப்பு.

இவ்விளையாட்டை அறியாத வாசகர்களுக்குச் சிறு அறிமுகம் தேவை. அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் இருவரும் 1974-இல் வெளியிட்டது இது. மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் கதையை நடத்தும் நடுவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர்: போர்வீரர், மந்திரவாதி, பூசகர், திருடர் என்று. சுரங்கத்துக்குள் நுழைவது, பூதத்தோடு பொருதுவது, புதையலோடு மீள்வது எல்லாம் பேச்சிலேயே நடக்கும். முயற்சி பலிக்குமா என்பதை 20 முகங்கள் கொண்ட பகடை சொல்லும். 2016-இல் தொடங்கிய ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் வழியே நம் இளைஞர்கள் பலரும் இதை அறிந்திருக்கிறார்கள்.

அமெரிக்க விளையாட்டு ஒன்றின் சொல்வழக்கில் நமக்கென்ன அக்கறை என்று கேட்கலாம். காரைக்காலில் இதை ஆடத் தொடங்கியிருக்கும் மாணவர்கள் சிலர், பழைய விதிகளின் சுருக்கத்தைத் தமிழில் எழுதித் தருமாறு என்னிடம் கேட்டனர். எழுத உட்கார்ந்த பிறகுதான், ஆங்கிலத்தில் மங்கலாகத் தெரிந்த ஒன்று தமிழில் வெட்டவெளிச்சமாயிற்று.

பிறப்பும் தொழிலும்

பழைய விதிநூல்களில் ஒரு பாத்திரத்தை உருவாக்க இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். உன் ‘ரேஸ்’ எது? உன் ‘கிளாஸ்’ எது? முதலாவதைத் தமிழில் இனம் என்றோ குலம் என்றோ எழுதலாம். பழைய அகராதிகளின் போக்கில் சாதி என்றும் எழுதலாம். இரண்டாவதற்கு நேர்ச்சொல் வகுப்பு. ஆனால், 1921-இல் நீதிக்கட்சி ஆட்சி வெளியிட்ட வகுப்புவாரி ஆணையின் காலந்தொட்டு, நம் பொதுவாழ்வில் ‘வகுப்பு’ என்ற சொல் எதைக் குறித்து வந்திருக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆக, நேராக மொழிபெயர்த்தால் மாணவரிடம் விதிநூல் கேட்கும் முதல் இரண்டு கேள்விகள், உன் சாதி எது, உன் வகுப்பு எது என்றே ஒலிக்கும்.

சிக்கல் சொல்லோடு நிற்கவில்லை. 1981-இல் வெளியான ‘பேசிக்’, ‘எக்ஸ்பர்ட்’ என்ற இரு தொகுதிகளை, பழைய முறையில் ஆட விரும்புவோர் இன்றும் போற்றுகின்றனர். அவற்றில் மனிதப் பாத்திரம் நான்கு தொழில்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். எல்ஃப், டுவார்ஃப், ஹாஃப்லிங் எனப்படும் பிறருக்கு அந்த உரிமை இல்லை. அவர்களுக்குப் பிறப்பே தொழில். ஏறக்கூடிய படிநிலைக்கும் வரம்பு உண்டு. ஹாஃப்லிங் 8-ஆம் நிலையோடும், எல்ஃப் 10-ஆம் நிலையோடும், டுவார்ஃப் 12-ஆம் நிலையோடும் நின்றுவிட வேண்டும். மனிதருக்கு அதற்கு மேலும் வழி திறந்திருந்தது. பிறப்பால் தொழில், பிறப்பால் உயர்வுக்கு எல்லை: இந்த இரு விதிகளையும் எழுதியவர்கள் நம் ஊரை நினைத்து எழுதவில்லை. ஆனால், நம் ஊரில் படிக்கும் எவருக்கும் இவை எதை நினைவூட்டும் என்பதில் ஐயமில்லை.

பெண்கள் நிலையும் இதுவே. 1974 விதிநூலில் போர்வீரருக்கு இட்ட பெயரே ‘சண்டையிடும் ஆண்’ என்று பொருள்படுவது. 1978-இன் விதிநூலில், மனிதப் போர்வீரரின் உச்ச வலிமையை நூற்றுக்கு இத்தனை என்று அளக்கும் அட்டவணையில் ஆண் 100 வரை செல்லலாம். பெண் 50-ஐத் தாண்டக் கூடாது. டிராகன் பறக்கும் உலகில், மந்திரத்தால் மாண்டவர் மீளும் உலகில், பெண்ணின் கைவலிமைக்கு மட்டும் ‘எதார்த்தம்’ தேவைப்பட்டிருக்கிறது.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். மனிதர்களே மையமாக இருக்கும் உலகத்தைக் கைகாக்ஸ் விரும்பினார். பிற பிறவியினருக்கு இருளில் காணும் பார்வை போன்ற சலுகைகள் இருந்ததால், அதைச் சமன்செய்யவே படிநிலை வரம்பு என்பது அவர் தரப்பு விளக்கம். அது ஆட்டக் கணக்கு. எவரையும் இழிவுபடுத்தும் நோக்கம் அதில் இருந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால், நோக்கம் நல்லதாக இருந்தாலும் விதி கற்பிக்கும் பாடம் வேறாக இருக்கக்கூடும்.

விதி முந்தியது, சொல் பிந்தியது

இங்கேதான் இன்றைய விவாதம் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி இருக்கிறது. எந்தப் பிறவியினரும் எந்தத் தொழிலையும் ஏற்கலாம், எந்த நிலைக்கும் உயரலாம் என்று விதியே மாறியது 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில். ‘ரேஸ்’ என்ற சொல் அப்போது அப்படியே இருந்தது. பூதகணமாகச் சித்திரிக்கப்பட்ட ஓர்க் போன்றோரைப் பிறவியிலேயே தீயவராகக் காட்டமாட்டோம் என்று பதிப்பாளர் அறிவித்தது 2020-இல். பிறப்பைச் சார்ந்திருந்த திறன் மதிப்பெண்களை வளர்ந்த சூழலுக்கு மாற்றியது 2024 நூல். சொல் மாறியதும் அதே நூலில்தான். ஆக, கால் நூற்றாண்டாக நடந்த திருத்தத்தின் கடைசிப் படி அது. அதை மட்டும் பிரித்தெடுத்துப் புகழ்வதும் இகழ்வதும் பொருத்தமல்ல.

மாறாக, சொல்லை விட்டுவிட்டுக் குறிப்பு எழுதி ஒப்பேற்றிய முயற்சிகளும் உண்டு. 1989-இன் இரண்டாம் பதிப்பு, ‘அவன்’ என்ற சொல் இருபாலருக்கும் பொது என்று ஒரு குறிப்பை எழுதிவிட்டு நூல் முழுதும் ஆண்பாலிலேயே நடந்தது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் ஆட்டவிதிகளின் முன்னுரையிலும் இதுபோன்ற குறிப்பு உண்டு. சென்னையின் கிராண்ட்மாஸ்டர் வைஷாலியும் அந்த விதிகளின்படி ஆங்கில ‘அவன்’ ஒன்றுக்குள் அடங்கித்தான் ஆடுகிறார். ஆனால், கிரிக்கெட் விதிகளைப் பேணும் எம்சிசி 2021 செப்டம்பரில் ‘பேட்ஸ்மேன்’ என்பதைக் கைவிட்டு ‘பேட்டர்’ என்று திருத்தியது. அதனால் ஆட்டத்துக்கு எந்தக் கேடும் நேரவில்லை. தமிழில் ‘மட்டையாளர்’ என்று எழுதுவோருக்கோ அந்தத் திருத்தமே தேவைப்படவில்லை.

பழைய முறை விரும்பிகளின் வாதத்திலும் உண்மை இருக்கிறது. பழைய நூலைத் திருத்தி அச்சிட்டால் வரலாறு அழியும் என்கிறார்கள், சரிதான். 2020-இல் பதிப்பாளரும் பழைய நூல்களின் மின்பதிப்புகளைத் திருத்தவில்லை. அவை அக்காலத்தின் கருத்துகளைக் கொண்டவை என்ற அறிவிப்பை மட்டுமே சேர்த்தார். ‘ஆஸ்ரிக்’ போன்ற மறுஆக்க விதிநூல்கள் 2006 முதல் அந்தப் பழைய ஆட்டத்தை உயிரோடு வைத்திருக்கின்றன. பழைய முறையின் சிறப்பே, விதிகள் குறைவு, நடுவரின் தீர்ப்பு பெரிது என்பதுதான். ஆனால், அதனாலேயே நடுவரின் நாவுக்குப் பொறுப்பும் கூடுகிறது. நூல் பேசாத இடத்தில் அவர் பேசுகிறார். அந்தப் பேச்சில் யாருக்கு இடம் உண்டு என்பதை வந்து அமர்பவர் உடனே உணர்ந்துவிடுவார்.

தமிழ் தரும் வழி

இவ்விஷயத்தில் தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலம் தடுமாறும் இடத்தில் நமக்கு ‘அவர்’ உண்டு; பன்மைக்குரிய அச்சொல் மரியாதை ஒருமையாகி இருபாலருக்கும் பொதுவாயிற்று. பாலால் வேறுபட்டோருக்கு எந்த வினைமுற்று தருவது என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடக்கத்திலேயே ஆராய்கிறது. நன்னூலோ, மனிதரையும் தேவரையும் மட்டுமல்ல, நரகத்தில் உழல்வோரையும் உயர்திணையில் சேர்க்கிறது. ஓர்க் ‘வந்தது’ என்பதா, ‘வந்தார்’ என்பதா என்ற கேள்விக்கு நம் இலக்கணத்தில் விடை தேடுவோர் அஃறிணைக்குப் போக வேண்டியதில்லை.

காரைக்காலுக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. புனிதவதியாகப் பிறந்து, அழகுருவை உதறிப் பேயுரு வேண்டிப் பெற்ற அம்மையார் இவ்வூர்க்காரர். தம்மைக் காரைக்கால் பேய் என்றே பாடல்களில் குறித்துக்கொண்டவர். அவரை இறைவன் ‘அம்மையே’ என்று அழைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் ஊரே அவரைக் கொண்டாடுகிறது. உருவத்தைக் கொண்டு ஒருவரைத் தீயவர் என்று முடிவு கட்டக் கூடாது என்பதை அறிய, இவ்வூர் அமெரிக்கப் பதிப்பாளரை எதிர்பார்த்திருக்கவில்லை.

பெயர் மாற்றத்தின் வரலாறும் நமக்கு உண்டு. பிரெஞ்சு இந்தியாவில் 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணையின்படி, விரும்பியவர்கள் தம் சாதி, சமய வழிப்பட்ட தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வரலாம் என்றானது. துறந்தோர் புதிய குடும்பப் பெயர் ஏற்றனர். புதுச்சேரியில் அதற்கு முன்னின்ற பொன்னுத்தம்பி ‘லாப்போர்த்’ ஆனார்; பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள். அங்கே பெயர் மட்டும் மாறவில்லை. திருமணத்தையும் வாரிசுரிமையையும் ஆளும் சட்டமும் சேர்ந்து மாறியது.

தமிழ்நாட்டின் அனுபவமும் இதையே சொல்கிறது. ‘திருநங்கை’ என்ற சொல் நிலைபெற்ற அதே காலத்தில், 2008-இல் அவர்களுக்கென நலவாரியமும் அமைந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கை ஒட்டி, பால்புதுமையர் குறித்த சொல்தொகுதியைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் ஸ்டாலின் பேரவையில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆனால், பலகை மாறிய தெருவுக்குக் குடிநீரும் மயானப் பாதையும் மாறாமலே இருந்தால், புதிய பெயரும் விரைவில் பழைய இழிவைச் சுமக்கத் தொடங்கிவிடும். தமிழ்நாட்டின் அரசாணைகள் அதன் நடுவே தனித்திருக்கும் காரைக்காலைக் கட்டுப்படுத்துவதில்லை. சொல்லோ எல்லைச் சாவடியில் நிற்பதில்லை. நாகப்பட்டினத்தில் வழக்கொழியும் வசைச்சொல் நிரவியிலும் திருமலைராயன்பட்டினத்திலும் ஒழிய வேண்டும். அதற்கு அரசாணை தேவையில்லை.

எனவே, தமிழில் விதிச்சுருக்கம் எழுதுவதற்கு நான் கொண்ட முடிவுகள் எளியவை. ‘ரேஸ்’ என்பதற்கு உயிர்வகை. ‘கிளாஸ்’ என்பதற்குத் துறை. ஆடுபவரும் பாத்திரமும் எங்கும் ‘அவர்’. பழைய விதிகளை மறைக்காமல், 1978-இலும் 1981-இலும் இப்படி இருந்தன என்று தனிப் பகுதியில் எழுதுவது. பிறப்பு வரம்பும் பெண்ணுக்கான வலிமை வரம்பும் இன்றைய ஆட்டத்தில் செல்லாது என்று அதன் கீழேயே விதியாக எழுதுவது. சொல் மட்டும் மாறி விதி நின்றால் அது ஒப்பனை. விதி மட்டும் மாறிச் சொல் நின்றால், புதிதாக வருபவர் வாசலிலேயே தயங்கி நிற்பார். இரண்டும் சேர்ந்து மாறும்போதுதான், பகடையை யார் கையில் எடுத்தாலும் அதன் 20 முகங்களும் அவருக்கும் உரியவையாகும்.