பசிக்கு மடம், ஆசைக்குக் கடை

குறிகட்டுவான் இறங்குதுறையில் பஸ் நிற்கும்போதே, கடற்காற்றுக்கு முன்னால் கச்சான் மணம் வந்துவிடுகிறது. ஆனி மாதம். பண்ணைப் பாலத்தைத் தாண்டி, வேலணையையும் புங்குடுதீவையும் கடந்து வந்த சனம் பையும் பிள்ளையுமாக இறங்குகிறது. வெயில் இன்னும் ஏறவில்லை. வரிசை மட்டும் ஏறிவிட்டது.

"அம்மம்மா, தும்பு முட்டாஸ்!"

"கும்பிட முந்தி வாயைத் திறக்கிறேல்லை. வரேக்க பாப்பம்."

நயினாதீவுத் திருவிழாவுக்குப் போகும் எந்தக் குடும்பத்திலும் இந்தப் பேரம் இறங்குதுறையிலேயே தொடங்கிவிடும். போகும்போது அர்ச்சனைச் சாமான், வரும்போது மற்றதெல்லாம் என்பது பெரியவர்களின் சட்டம். அதில் பக்தி பாதி, கணக்குப் பாதி. வாங்கியதை எல்லாம் வள்ளத்தில் ஏற்றி, இறக்கி, திரும்ப பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகவேண்டுமே! கடல் நடுவில் கிடப்பதால் இந்தச் சந்தையில் பாரமான பொருளுக்கு மவுசு குறைவு.

கடலுக்கும் வியாபாரத்துக்கும் இந்தத் தீவில் பழைய தொடர்பு உண்டு. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இங்கே இருக்கிறது. ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்புத் தரவேண்டும் என்று தொடங்கி, கப்பல் உடைந்தால் யாருக்கு எவ்வளவு என்பதையும் அது வகுத்துவிடுகிறது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. சரக்குக் கப்பல் என்றால் சரிபாதி. அரசனுக்கு எந்தச் சரக்கில் கண் இருந்தது என்பதை இந்தப் பங்கீடே சொல்லிவிடும். யானை, குதிரை கொண்டுவருகிறவனைப் பகைத்துக்கொண்டால் படைக்கு என்ன செய்வது?

உயிர்காப்பு அங்கியைக் கட்டிக்கொண்டு வள்ளத்துக்குள் குந்தினால் கால் மணி நேரத்தில், கொஞ்சம் கூடலாம், அம்மன் கோயிலின் 108 அடி இராசகோபுரம் கண்முன் நிற்கும். போர்த்துக்கேயர் இடித்த கோயில் இது; 1788இல் திரும்ப எழுந்தது. பூ எடுத்துக்கொண்டு கடலில் நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறித்ததாகவும், அந்த வழியால் வந்த வணிகன் ஒருவன் இடையில் புகுந்து நாகத்தைக் காப்பாற்றியதாகவும் தலக்கதை. கடலுக்குள் தெரியும் இரண்டு கல்லைக் காட்டி ஒன்று நாகத்தினுடையது, மற்றது கருடனுடையது என்பார்கள். கோயில் கதையிலும் வியாபாரிதான் வருகிறான் பாருங்கள்.

கோயில் வாசலில் கடைத்தெரு. காப்புக்கடையில் பெட்டைகள் கையை நீட்டிக்கொண்டு நிற்க, கடைக்காரர் கையைப் பார்த்தே அளவு சொல்கிறார். அம்மம்மாக் குழல் ஒரு பக்கம் கத்துகிறது. பலூன், பிளாஸ்ரிக் துவக்கு, வெள்ளியில் தட்டிய சின்ன நாகம், பிள்ளை வரம் வேண்டுவோர் கட்டும் தொட்டில். சோளப்பொரி, ஐஸ்பழம், சர்பத். பனைப் பொருள் விற்கிறவர்களிடம் பனங்கட்டிக் குட்டானும் புழுக்கொடியலும் பனாட்டும். ரொறன்ரோவிலிருந்து வந்தவர்கள் அங்கேதான் நிற்பார்கள். ஒடியல் மா எத்தனை கிலோ விமானத்தில் விடுவான் என்று தமக்குள் கணக்குப் பார்ப்பார்கள்.

ஒன்று கவனித்தீர்களா? இந்தப் பட்டியலில் சோறு இல்லை. இவ்வளவு சனம் வருகிற இடத்தில் சாப்பாட்டுக் கடைதானே முதலில் கொழிக்கவேண்டும்? அதற்கு வழியில்லாமல் செய்திருப்பது அமுதசுரபி அன்னதான மண்டபம். வந்தவர் யார், எந்த ஊர் என்று கேளாமல் பந்தியில் இருத்தி இலை போட்டுவிடுவார்கள். சோறு, பருப்பு, மரக்கறி, கடைசியில் மோர். பக்கத்தில் குந்தியிருப்பவர் காலியிலிருந்து வந்த சிங்களக் கிழவராகவும் இருக்கலாம். மணிமேகலை அட்சய பாத்திரம் பெற்ற மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்பது பலர் கருத்து. கோமுகிப் பொய்கையில் வைகாசி விசாகத்தன்று மேலெழுந்த ஆபுத்திரனின் அந்தப் பாத்திரத்துக்கு அமுதசுரபி என்று பெயர். ஆய்வாளர்கள் மணிபல்லவம் எது என்று விவாதிக்கட்டும்; மண்டபத்துக்குப் பெயர் வைத்தவருக்கு அதில் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆக, பசியை மடம் பார்த்துக்கொள்கிறது. தெருவுக்கு மிஞ்சியது ஆசை மட்டுமே: நொறுக்குத் தீனி, நிறம், சத்தம், இனிப்பு. நயினாதீவுத் திருவிழாக் கடைகளின் குணமே இதனால் அமைந்தது.

இந்தக் குணம் எவ்வளவு தனியானது என்பது ஜப்பானின் எனோஷிமாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். சகாமி விரிகுடாவில் கிடக்கும் சின்னத் தீவு அது. அங்கே குடியிருக்கும் அம்மன் பென்சைதென். பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பானுக்குப் போன நம் சரஸ்வதிதான். கையில் வீணைக்குப் பதில் பிவா. அவளுடைய தூதுவன் வெள்ளைப் பாம்பு. எனோஷிமாக் கதையில் ஐந்து தலை நாகம் ஒன்று அவளைக் கண்டு அடங்கிப்போகிறது. ஆக, பாம்போடு சேர்த்துக் கும்பிடப்படும் தீவு அம்மன் இங்கே மட்டும் இல்லை.

தெய்வத்தோடு மனிதருக்குத் தொடர்பு உண்டாகும் நாளை ஜப்பானியர் 'என்னிச்சி' என்கிறார்கள். பென்சைதெனுக்கு அது நாட்காட்டியில் பாம்பு நாள். காலப்போக்கில் அந்தச் சொல்லைக் கேட்டாலே ஜப்பானியப் பிள்ளைகளுக்குக் கடைதான் ஞாபகம் வரும் என்றாகிவிட்டது: வரிசையாக விளக்குத் தொங்கும் யதாய்க் கடைகள், இரும்புத் தட்டில் புரளும் யாக்கிசோபா நூடில்ஸ், கணவாயின் உறவான பேய்க்கணவாய்த் துண்டை உள்ளே வைத்துச் சுடும் தக்கோயாக்கி உருண்டை, சீனிப்பாகு பூசிய முழு அப்பிள், மெல்லிய கடதாசி வலையால் தங்கமீன் அள்ளும் விளையாட்டு. கடதாசி கிழியும் வரைதான் ஆட்டம். அநேகமாக மீனுக்கு முன் கடதாசி தோற்றுவிடும். தும்பு முட்டாஸும் உண்டு. கேலிச்சித்திரப் பாத்திரங்கள் அச்சிட்ட பையில் அடைத்து விற்பார்கள்.

எனோஷிமாவில் கோயிலுக்கு ஏறும் ஒடுங்கிய தெரு முழுவதும் தீன்தான். முழுப் பேய்க்கணவாயைச் சூடான இரும்புத் தட்டுகளுக்கிடையில் வைத்து நசுக்கி, அப்பளம் மாதிரி மெல்லிசாக எடுத்துக் கொடுக்கிறார்கள். மூஞ்சியை விடப் பெரிது. அதற்கென்று தனி வரிசை. அங்கே பசி, ஆசை இரண்டையும் தெருவே தீர்க்கவேண்டும். கோயிலில் பந்தி கிடையாது. பக்கத்து ஊரான கமக்குராவில் தெருத்தீன் கூடிப்போய், 2019இல் நெரிசலான இடங்களில் நடந்துகொண்டு சாப்பிடவேண்டாம் என்று நகரசபை விதியே கொண்டுவந்தது. அம்மம்மாவின் சட்டத்தை நகரசபை போட்டால் அப்படித்தான் இருக்கும்.

நயினாதீவில் தேருக்கு மறுநாள் தீர்த்தம். அது ஆனிப் பூரணையில் வருவதால், பக்கத்தில் இருக்கும் நாகதீப விகாரைக்கும் அன்று போயா. 2025இல் தீர்த்தம் வந்த ஜூலை 10, எசல போயா. ஜப்பானிய நாட்காட்டியில் அந்த ஆண்டோ பாம்பு ஆண்டு. மணியாசனத்துக்காகச் சண்டையிட்ட இரண்டு நாக அரசரைச் சமாதானப்படுத்தப் புத்தர் இங்கே வந்ததாக மகாவம்சம் சொல்லும். அந்த நம்பிக்கையோடு தெற்கிலிருந்து வரும் வெள்ளைச் சட்டைக் கூட்டமும், காவடிக் கூட்டமும் ஒரே வள்ளத்தில்தான் நெருக்கியடிக்கின்றன. சிங்கள ஊர்களில் வெசாக், பொசொன் நாட்களில் வழியில் போகிறவரை மறித்துச் சோறு கொடுக்கும் தன்சல் உண்டு. அதனால் அமுதசுரபிப் பந்தியின் பொருளை அவர்களுக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. பனங்கட்டி விலையை மட்டும்தான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. அதைக் கடைக்காரப் பெண்கள் சிங்களத்தில் தடக்கின்றிச் சொல்கிறார்கள்.

பிற்பகலில் திரும்பும் வரிசை. அம்மம்மா தன் சட்டப்படி இப்போது கடைக்கு இறங்குகிறார். காப்பு ஒரு சோடி, தும்பு முட்டாஸ் ஒன்று, பிறகு கச்சான். கச்சான் மட்டும் ஒன்றில் நிற்கவில்லை: அயலட்டைக்கு, மருமகளின் தாய்க்கு, மாட்டுக்குத் தண்ணி வைக்கும் பெடியனுக்கு. திருவிழாவுக்குப் போனவர் வெறுங்கையோடு படலை திறந்தால் ஊர் கேட்கும். ஜப்பானியரும் இதில் சளைத்தவர்கள் இல்லை. பயணம் போனவர் கந்தோரில் எத்தனை பேரோ அத்தனை பொட்டலமாகப் பிரித்துச் சுற்றிய 'ஒமியாகே' பெட்டியோடுதான் வேலைக்குத் திரும்புவார்.

வள்ளம் பாதித் தூரம் வருவதற்குள் உப்புக்காற்றுப் பட்டுத் தும்பு முட்டாஸ் சுருங்கி, குச்சியைச் சுற்றி ஒட்டிய இளஞ்சிவப்புப் பாகாகிவிட்டது. பிள்ளை அதை நக்கிக்கொண்டே அம்மம்மாவின் மடியைப் பார்க்கிறான்.

"ஒரு சரை உடைப்பமே?"

"அது செல்வத்தின்ர வீட்டுக்கு எண்டு எண்ணி வைச்சது."

குறிகட்டுவானில் இறங்கும்போது ஒரு சரை குறைந்திருந்தது.