கரிசலில் கொட்டும் சரளை எங்கே போகிறது?

விதை பற்றியும் உரம் பற்றியும் பூச்சி பற்றியும் கரிசல் சீமை விவசாயிகளுக்கு நாங்கள் சொல்லாத யோசனை இல்லை. ஆனால் அந்த உரம் புஞ்சைக்குப் போகவும் விளைச்சல் வீடு வந்து சேரவும் வேண்டிய வண்டிப் பாதையைப் பற்றி நாங்கள் வாய் திறப்பதில்லை. அது பொறியாளர் வேலை என்று இருந்துவிட்டோம். இந்தக் குறை எனக்கும் உண்டு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெருமழை பெய்தது. அதன் பின் விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். தப்பிய மக்காச்சோளத்தை அறுத்து மூட்டை பிடித்திருந்தார் ஒரு பெரியவர். லாரியோ தார்ச் சாலையிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து புஞ்சை 300 அடிதான். அந்த 300 அடிக்குத் தலைச்சுமைக் கூலி கொடுத்தார். லாரி காத்து நின்றதைச் சொல்லி வியாபாரி விலையிலும் கை வைத்தார்.

"இந்த மழைக்கு எந்தப் பாதை தாங்கும் அண்ணாச்சி?" என்றேன்.

"சாதாரண மழைக்கே இப்படித்தான் சார். ரெண்டு வருஷமா வருஷத்துக்குப் பன்னிரண்டு யூனிட் சரளை அடிச்சேன். எங்க போச்சுன்னே தெரியல."

மண்வெட்டி வாங்கி நடுப்பாதையில் தோண்டிப் பார்த்தோம். சரளை எங்கும் போகவில்லை. ஓர் அடிக்குக் கீழே வரை களியும் கல்லும் பிசைந்து கிடந்தன. மேலே மிஞ்சியது கருஞ்சேறுதான்.

கரிசலில் மான்ட்மாரில்லோனைட் என்னும் களித்துகள் மிகுதி. இது நீரைக் குடித்தால் உப்பும்; காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கோடையில் கடப்பாரைக்கும் அசையாத அதே மண் ஐப்பசியில் வெண்ணெயாக இளகும். அப்போது டிராக்டர் சக்கரம் ஏறினால் கல் கீழே அமுங்கும், களி கல்லிடுக்கில் மேலே வரும். எத்தனை யூனிட் கொட்டினாலும் இதுதான் நடக்கும்.

பெரியவர் செய்த தவறு சரளையில் இல்லை, தோண்டியதில் இருக்கிறது. வீட்டுக்கு அஸ்திவாரம் எடுப்பதுபோலப் பாதையை ஓர் அடி பள்ளம் எடுத்து, அதில் சரளையை நிரப்பியிருந்தார். செம்மண் பூமியில் இது செல்லும். கரிசலிலோ அந்தப் பள்ளம் தொட்டியாகிவிடும். சரளை வழியே இறங்கிய மழை நீர் அடியில் உள்ள களியைத் தாண்ட முடியாமல் தேங்கி, அந்தக் களியையே ஊற வைக்கும். ஆகவே கரிசலில் பாதையைத் தோண்டக் கூடாது, உயர்த்த வேண்டும். புல்லும் வேரும் உள்ள மேல் மண்ணை மட்டும் சுரண்டிவிட்டு, இரு பக்கமும் ஒன்றரை அடி ஆழத்துக்கு ஓர வாய்க்கால் எடுத்து, அந்த மண்ணைப் பாதையில் ஏற்றி இறுக்குங்கள். பத்தடி அகலப் பாதைக்கு நடுப்பகுதி ஓரத்தைவிட மூன்று அங்குலம் உயர்ந்து ஆமை முதுகு போல இருக்கட்டும். வாய்க்கால் கரையைச் செங்குத்தாக வெட்டினால் முதல் மழையிலேயே சரியும், சாய்த்து வெட்டுங்கள். வாய்க்கால் நீர் ஓடையிலோ பண்ணைக் குட்டையிலோ போய்ச் சேர வேண்டும். போக்கிடம் இல்லாத வாய்க்கால் இன்னொரு தொட்டிதான். குறுக்கே நீர் பாயும் இடத்தில் ஹியூம் பைப் பதியுங்கள். அல்லது கல் பாவித் தாம்போதி அமையுங்கள்.

இந்த இடத்தில்தான் பலரும் முகம் சுளிக்கிறார்கள். வாய்க்காலுக்குப் பக்கத்துக்கு மூன்றடி போகுமே என்கிறார்கள். கணக்குப் பாருங்கள்: 300 அடி நீளத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்து நாலு சென்ட் சொச்சம். அதுவும் இரண்டு பட்டாதாரர்களுக்கும் பங்கு. இந்த நாலு சென்டைக் காப்பாற்றத்தான் இருபத்து நாலு யூனிட் சரளை மண்ணுக்குள் போயிற்று!

மண் ஏற்றிய உடனே சரளை கொட்டுவதும் தவறு. களிக்கும் கல்லுக்கும் இடையே ஒரு தடுப்பு வேண்டும். நாலு அங்குலம் மணலோ கிரஷர் பவுடரோ பரப்பினால் போதும். தென்னை நார்ப் புவித்துணியும் விரிக்கலாம். 2020-இல் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் ஏழு மாநிலங்களில் 1,674 கிலோமீட்டர் சாலைக்கு இந்த நார்த்துணியைப் பயன்படுத்த ஒப்புதல் தந்தார்கள்; அதில் 369 கிலோமீட்டர் தமிழ்நாட்டுக்கு. நார் சில ஆண்டில் மக்கிவிடும் என்பது உண்மைதான். அதற்குள் மண் இறுகிவிட்டால் அதன் வேலை முடிந்தது. பழைய உரச் சாக்கை விரிக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், கிழிந்துவிடும்.

சரளையில் உருண்டைக் கூழாங்கல் உதவாது. சக்கரம் பட்டால் உருண்டு ஓரம் போய்விடும். முனை உள்ள கல்லாகவும், கல்லைப் பிடித்து வைக்கும் அளவு செம்மண் கலந்ததாகவும் இருக்க வேண்டும். அதில் உள்ள பொடியை நனைத்து உருண்டை பிடித்துக் காய வையுங்கள். உதிர்ந்தால் பிடிப்பு இல்லை என்று பொருள். இறுகிய பின் ஆறு அங்குலம் நிற்க, நூறு அடிக்கு ஆறரை யூனிட் வரை பிடிக்கும். இரண்டு தடவையாகப் பரப்பி, நீர் தெளித்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ரோலர் ஓட்டுங்கள். வறண்ட சரளையில் ரோலர் ஓட்டிப் பயனில்லை. பொதுப் பாதை வேலைகளிலேயே இதைச் செய்யாமல் விடுவதைப் பார்க்கிறேன்.

சுண்ணாம்பு கலந்தால் கரிசல் உப்பும் குணம் அடங்கும். ஆனால் காய்ந்த மண்ணின் எடையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வேண்டும். பத்தடி அகலம், நூறு அடி நீளம், அரை அடி ஆழத்துக்கு 850 கிலோ வரை ஆகும். பாதை முழுக்கச் செய்யச் சிறு விவசாயிக்குக் கட்டாது. வண்டி திரும்பும் முக்கிலும் தாழ்ந்த இடத்திலும் மட்டும் ரோட்டவேட்டரால் கலந்து, நனைத்து, ஒரு நாள் விட்டு இறுக்கலாம். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவர் தம் பக்கம் மூன்றடி விட்டார். எதிர்ப் பக்கத்துக்காரர் சம்மதிக்கவில்லை. எனவே ஆமை முதுகை விட்டுவிட்டு, பத்தடிக்கு ஐந்து அங்குலம் என்று பாதை முழுவதையும் பெரியவர் பக்கமே சரித்து, ஒரே வாய்க்காலில் நீரை இறக்கினோம். அடுத்த தை அறுப்புக்கு லாரி புஞ்சை வரை வந்தது. எதிர்ப் புஞ்சை சற்று மேடு. அங்கிருந்து ஊறி வரும் நீரால் அந்த ஓரம் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு அமிழ்ந்திருக்கிறது. அதில் சேற்றை அள்ளிப் போடாமல் சரளையே போட்டு வருகிறார். நல்ல மழை பெய்தால் இரண்டு நாள் எந்த வண்டியும் நுழையாதபடி பாதை முகப்பில் ஒரு கழியைக் குறுக்கே கட்டிவிடுகிறார்.