உறுத்தாதவனுக்கு ஏது டிஸ்ஸொனன்ஸ்?

மேடையில் ஒன்று பேசி வீட்டில் வேறொன்று செய்பவன் கிடைத்தால் போதும். 'காக்னிட்டிவ் டிஸ்ஸொனன்ஸ்லா அவனுக்கு' என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, மாமாக் கடையில் அடுத்த தே தாரேக்குக்குக் கை காட்டுகிறோம். இந்தப் பயன்பாடு தவறு. நம்மைச் சுலபமாகத் தப்பவிடும் தவறு.

லியோன் ஃபெஸ்டிங்கர் 1957இல் எழுதிய நூலில், டிஸ்ஸொனன்ஸ் என்பது வெறும் முரண் அல்ல. முரண் தரும் உளைச்சல். அதைத் தாங்க முடியாமல் மனிதன் எதையாவது மாற்றிக்கொள்வான். பெரும்பாலும், மாற்றச் சுலபமானதை. 1959இல் அவரும் கார்ல்ஸ்மித்தும் செய்த சோதனையில், சலிப்பான ஒரு வேலையைச் 'சுவாரஸ்யமானது' என்று அடுத்தவரிடம் பொய் சொல்லச் சிலருக்கு 1 டாலர், சிலருக்கு 20 டாலர். பிறகு விசாரித்தால், 1 டாலர்காரர்களே வேலை நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். 20 டாலர், பொய்க்குப் போதுமான காரணம். 1 டாலர் வாங்கியவன் மனசையே திருத்திக்கொண்டான்.

நான் அந்த 1 டாலர் ஆள். தமிழ்ப்பள்ளிகளைக் காப்போம் என்று எழுதியவன், அக்கா மகளை முதலாம் ஆண்டில் சேர்க்கும் பேச்சு வந்தபோது, 'சீனப்பள்ளியில போடுக்கா, மாண்டரின் தெரிஞ்சா வேலைக்கு நல்லது' என்றேன்.

'நீதானேடா அப்படி எழுதுன?'

'தமிழ வீட்டுல சொல்லிக் குடுத்தா போதும்கா.'

அதுவரை நான் நம்பாத கருத்து அது. சொன்ன நிமிஷமே நம்பினேன். இரவு நன்றாகத் தூங்கினேன். நண்பர்கள் என்னிடம் டிஸ்ஸொனன்ஸ் கண்டார்கள். இல்லை, அதைத்தான் நான் கொன்றுவிட்டேனே.

பழந்தமிழ் இசையில் நரம்புகளுக்கு இணை, கிளை, நட்பு, பகை என்று உறவுகள் உண்டு. தனி நரம்பு பகையாகாது. இரண்டும் ஒலிக்க வேண்டும். கேட்கக் காதும் வேண்டும். நாம் ஒன்றை அறுத்துவிட்டு, சுருதி சேர்ந்துவிட்டது என்கிறோம்.

அடுத்தவனைத் திட்ட 'இரட்டை வேடம்' என்ற நல்ல தமிழ் இருக்கிறது. டிஸ்ஸொனன்ஸைத் தன்மையில் மட்டும் சொல்வோம்: 'எனக்கு உறுத்துது.' உறுத்துகிறவனைக் கேலி செய்தால், அவனும் என்னைப் போல் ஒரு சாக்குத் தேடிக்கொண்டு தூங்கப் போவான்.

என் பிறந்தநாளுக்கு அக்கா மகள் ஒரு அட்டை வரைந்து கொடுத்தாள். 'மாமா' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள். வீட்டில் நான் அவளுக்கு இதுவரை ஒரு எழுத்துகூடச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்போது உறுத்துகிறது.