சக்கரத்தின் முனகல்

பழைய மோட்டார் வண்டியை விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் நாட்டில் இன்னும் அநேகம். உத்தரபாராவில் அம்பாஸடர் தயாராவது 2014-ஆம் வருஷத்தோடு நின்றுபோயிற்று. ஆயினும் தாத்தா வாங்கிய அம்பாஸடர் பேரப்பிள்ளைகளைச் சுமந்துகொண்டு குற்றாலத்துக்கும் குருவாயூருக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இஞ்சினுக்கு எண்ணெய், ரேடியேட்டருக்குத் தண்ணீர், டயருக்குக் காற்று ஆகிய மூன்றையும் தவறாமல் கவனிப்பவர்கள்கூடச் சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கும் பேரிங்கை மாத்திரம் மறந்துவிடுகிறார்கள். கண்ணில் படாத பொருளுக்கு நம்மிடையே மரியாதை குறைவு.

முன் சக்கரத்தின் நடுவேயுள்ள ஹப்பில் இரண்டு பேரிங்குகள் உண்டு. உட்புறத்தில் பெரியது, வெளிப்புறத்தில் சிறியது. பழைய வண்டிகள் பலவற்றில் இவை கூம்பு வடிவான எஃகு உருளைகளால் ஆனவை. அமெரிக்காவில் ஹென்றி டிம்கன் என்பவர் 1898-இல் உரிமைப் பத்திரம் பெற்ற அமைப்பு இது. வண்டியின் பாரத்தையும், வளைவில் பக்கவாட்டாக வரும் தள்ளுதலையும் ஒருங்கே தாங்கிக்கொள்ளும். இதற்குப் பரம விரோதி தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஹப் முழுகும்படி தெருவெள்ளத்தில் வண்டியைச் செலுத்தினால், தேய்ந்த சீல் வழியே நீர் புகுந்து கிரீஸைக் கெடுக்கும். பிறகு துரு, துருவினால் சிறு குழிகள், குழிகளின்மேல் உருளைகள் ஓடுவதால் சப்தம்.

அந்தச் சப்தம் ஓர் அடங்கிய உறுமல். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி ஆரம்பித்து, வேகம் ஏற ஏற வளரும். நாள்தோறும் வண்டி ஓட்டுகிறவரின் காது அதற்குப் பழகிப்போய்விடும், என்றைக்கோ ஏறும் விருந்தாளிதான், "இது என்ன முனகல்?" என்று கேட்பார். அவரிடம் கோபித்துக்கொள்ளாமல், ரேடியோவை நிறுத்திவிட்டுக் கவனிப்பது நலம். ஆளரவமற்ற சமதரையில் ஒரு கணம் நியூட்ரலுக்கு மாற்றிப் பார்க்கலாம். இஞ்சின் தணிந்தும் உறுமல் தணியவில்லையென்றால் குற்றம் இஞ்சினுடையதல்ல. சாலையின் தரம் மாறும்போது சப்தமும் மாறினால் டயரைச் சந்தேகிக்கவேண்டும். இடப்புறம் வளையும்போது பாரம் வலச் சக்கரத்தின்மேல் சாய்கிறது. அப்போது உறுமல் உரத்தால் பெரும்பாலும் வலப்பக்கத்துப் பேரிங்தான் குற்றவாளி.

அடுத்தது கைப் பரீட்சை. மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, வண்டியைப் பலமான ஸ்டாண்டின்மேல் நிறுத்தவேண்டும். ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டிக்கடியில் கை நீட்டுவது தற்கொலைக்குச் சமானம். சக்கரத்தின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் பிடித்து ஆட்டினால் லொடலொடக்கிறதா? உள்ளேயிருப்பவர் பிரேக்கை மிதித்தவுடன் அந்த ஆட்டம் மறைந்தால் அது பேரிங்கின் ஆட்டம். மறையாவிட்டால் வேறு மூட்டுகளைப் பார்க்கவேண்டும். சப்தம் கேட்டும் மாதக்கணக்கில் ஓட்டுவோருக்கு நேருவது இதுதான்: சூட்டினால் உருளைகள் நொறுங்கும், சக்கரம் சாயும், கடைசியில் அச்சே கெட்டு, சக்கரம் கழன்று ஓடவும் கூடும். வண்டியில் குழந்தைகள் இருப்பார்கள் அல்லவா?

மாற்றும் வேலை பெரிய வித்தையல்ல. ஹப்பின் மூடி, ஸ்பிளிட் பின், நட்டு, வாஷர் என்று கழற்றினால் டிரம்மோடு ஹப் கையில் வந்துவிடும். பிரேக் தூசியை வாயால் ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத்துணியால் துடைப்பதே முறை. பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தால் குழியும், நீலம்பாய்ந்த சூட்டுத் தழும்பும் தாமே தெரியும்.

இங்கேதான் பல பட்டறைகளில் ஓர் அநியாயம் நடக்கிறது. உருளைகள் உள்ள பாகத்தை மாத்திரம் புதிதாகப் போட்டு, ஹப்புக்குள் இறுகியிருக்கும் வெளி வளையத்தை, அதாவது கப்பை, பழையபடியே விட்டுவிடுகிறார்கள். அதைத் தட்டி எடுப்பது சிரமம் என்பதே காரணம். குழிவிழுந்த பழைய கப்பின்மேல் புது உருளை ஓடினால் புதியதும் சீக்கிரமே கெடும். பணம் கொடுப்பவர் பழைய கப்புகளையும் உருளைகளையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டே பணத்தை எண்ணவேண்டும். புதிய கப்பைப் பித்தளைத் துண்டு வைத்துச் சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டினால், அடியில் போய் உட்காரும்போது ஓசை கெட்டியாக மாறும். சீலும் ஸ்பிளிட் பின்னும் புதியவையாகவே இருக்கட்டும். கடைத்தெருவில் போலிகள் மலிந்திருக்கின்றன. வளையத்தில் பொறித்த எண்ணைப் பழையதோடு ஒப்பிட்டு, ரசீது கொடுக்கும் கடையிலே வாங்குவது உத்தமம். ஜெய்ப்பூரில் 1946-லேயே பேரிங் கம்பெனி ஸ்தாபிதமான தேசத்தில் நல்ல சுதேசிச் சரக்குக்குப் பஞ்சமில்லை.

கிரீஸை உள்ளங்கையில் வைத்து, உருளைகளின் இடுக்கெல்லாம் புகும்வரை அழுத்தித் திணிக்கவேண்டும். மேலே பூசினால் போதாது. நட்டை இறுக்குவதில்தான் அநேகர் பலசாலிகளாகிவிடுகிறார்கள். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, பின் தளர்த்தி, மறுபடி விரலால் திருகும் அளவிலே நிறுத்துவதுதான் கூம்பு உருளைக்கு ஏற்றது. மெல்லிய காகிதத்தின் கனத்துக்கு மேற்படாத ஆட்டம் மிஞ்சியிருப்பது நல்லதே. இறுகிய பேரிங், தளர்ந்ததைக் காட்டிலும் விரைவில் எரிந்துபோகும். சில வண்டிகளில் குண்டு பேரிங்குகள் உண்டு. அவற்றை இறுக்கும் முறை வேறு, வண்டியின் கையேட்டைப் பார்த்தே செய்யவேண்டும். பின் சக்கரத்துப் பேரிங்குக்குப் பிரஸ் யந்திரம் தேவைப்படலாமாதலால் அதைப் பட்டறைக்கே விட்டுவிடலாம்.

வேலை முடிந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர், பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு ஹப்பின் அருகே கையைக் கொண்டு போய்ப் பார்க்கவேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. அருகே போகும்போதே சுட்டால் நட்டை அன்றைக்கே மறுபடி தளர்த்திப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பவேண்டும்.